பக்கத்தில் நிற்கிற பெயர்

திரையில் போர்வை என்கிற சொல்லைச் சுற்றிப் பெட்டி போட்டாகிவிட்டது, இனி அதிலிருந்து ஒரு கோடு இழுத்து எங்கேயாவது மாட்ட வேண்டும். தி நர்ஸ் கவர்ட் தி சைல்ட் வித் எ பிளாங்கெட். நர்ஸ் ஒரு பெட்டி, பிள்ளை ஒரு பெட்டி, மூடினாள் என்கிற வினை ஒரு பெட்டி, கடைசியில் வித் எ பிளாங்கெட் என்று மூன்று சொல் சேர்ந்து ஒரு வால். கையேட்டில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது, ஆனால் இங்கே எல்லோருக்கும் அது வால்தான், அந்தப் பெயரை வைத்தது எமில்டாக்கா. இந்த வால் பிள்ளைக்கா, மூடியதற்கா. மூடியதற்குத்தான், போர்வையால் மூடினாள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாகவே கோட்டைக் கொண்டுபோய் வினையில் மாட்டி, முடிந்தது என்கிற பொத்தானையும் அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் இதே வாக்கியத்தைப் பக்கத்தில் பிரித்துக்கொண்டிருக்கிற என் ஜோடியின் நினைவு வந்தது. எமில்டாக்கா பிள்ளையில் மாட்டியிருப்பாள். போர்வையும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவளுக்கு அது போதும். இருபத்திரண்டு வருஷம் நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லியே பழகினவள். எந்த வால் வந்தாலும் பக்கத்தில் நிற்கிற பெயரின் கையில் அதைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள். நாலாவது வாக்கியத்திலேயே வால் வந்துவிட்டது. நாற்பதில் இன்னும் முப்பத்தாறு இருக்கின்றன.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. உட்கார்ந்தால் முகம் தெரியாது, எழுந்தால்தான் தெரியும், ஆனால் கீழே தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அந்தத் தட்டி கிடையாது. அதனால் எமில்டாக்காவின் கால்கள் எனக்குத் தெரியும். குள்ளமானவள், நாற்காலி உயரம், கால் தரையைத் தொடாமல் தொங்கும், நாள் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் ஆட்டம் நின்று இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறித் தேய்க்கும். மூன்று மாதமாக அந்தப் பாதங்களைப் பார்த்தே அவள் மனசை நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் கால் எட்டாது, வீட்டிலிருந்து ஒரு மணையைக் கொண்டுவந்து காலுக்கடியில் போட்டுக்கொண்டேன். அவளுக்கும் ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் மக்கா, காலு ஆடினாத்தான் எனக்கு மூளை ஓடும் என்றாள். இப்போது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. போர்வைக்கு அது தேய்க்கவே இல்லை. சந்தேகமே இல்லாமல் தப்பாகப் போட்டிருக்கிறாள் போல. அவள் பொத்தானை அழுத்தினால்தான் எனக்கு அடுத்த வாக்கியம் வரும், நான் அழுத்தினால்தான் அவளுக்கு வரும், ஒருவரை விட்டு ஒருவர் முன்னால் போக முடியாது. ஐந்தாவது வாக்கியம் வந்துவிட்டது. மழை நின்றது. இரண்டே பெட்டி. இப்படியே எல்லாம் வந்தால் என்ன.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியின் கணினிக்கு ஆங்கில வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறோம். ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும், பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் அது சரி, வேறு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. இரண்டு பேரும் ஒன்றுபோலத் தப்புச் செய்தால் அது தப்பே இல்லை. சேர்ந்த முதல் வாரத்தில் இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. இன்று வேடிக்கையாக இல்லை. இன்று டெஸ்ட். நாற்பது வாக்கியத்தில் குறைந்தது முப்பத்தாறு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஜோடியைக் கலைத்துவிடுவார்கள், அப்போதுதான் பெங்களூரில் யாரோ போட்டுவைத்திருக்கிற விடையைத் திறந்து, இருவரில் யாருக்கு அதிகம் தப்பு என்று பார்த்து, அவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கூப்பிடுகிறோம் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். ஐப்பசியில் இரண்டு பேர் போனார்கள், தை பிறந்ததும் ஒருத்தி போனாள், யாரையும் கூப்பிடவில்லை. ஷிபின் இதை நேற்றே எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டான். அவன்தான் எங்கள் மேற்பார்வை, இருபத்தாறு வயசு, நல்ல பையன், மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் எமில்டாக்காவைத்தான் பார்த்தான். எல்லோருக்கும் தெரியும். நான்தான் இங்கே முதல். பகவதி மேடத்துக்கிட்ட கேளுங்க என்பான், ஏழெட்டுப் பேர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். நாற்பதையும் நான் சரியாகப் போட்டுக்கொண்டே போனால் போதும், எனக்கு ஒன்றும் ஆகாது. யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. சரியாகத்தானே போட்டேன்.

ஒன்பதாவதில் மறுபடி வால். கத்தியால் டப்பாவைத் திறந்தான். கத்தி டப்பாவின் பக்கத்தில் நிற்கிறது. கத்தியோடு கூடிய டப்பா என்று உலகத்தில் எங்கேயாவது ஒன்று இருக்கிறதா என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கேட்டேன், இதே வாக்கியம் இல்லை, இதுபோல ஒன்று. சம்புடத்தையும் மூடியையும் டம்ளர்களையும் கரண்டியையும் மேசையில் பரப்பி, டம்ளருக்குள் டம்ளர் வைத்து, இதுதான் பெயர், இது பெயருக்குள்ளே இருக்கிற பெயர், மொத்தமும் வினைக்குள்ளே உட்காருகிறது, கரண்டி யாருக்கு, டம்ளருக்கா, குடிக்கிறதுக்கா என்றெல்லாம் சொன்னேன். அவள் வாயில் இருந்த நெத்திலியை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டியா மக்கா, ஆப்பிள், பலூன், கேட், டாக் என்று இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான், ஒரு சொல்லைத் தாண்டி அடுத்த சொல்லுக்கு நான் போனதே இல்லை என்றாள். சிரித்தோம். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள், அதே சந்தேகம். மூன்றாம் நாள் என் குரலில் என்ன இருந்ததோ, அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. என் குரலில் என்ன இருந்தது. சொல்லித்தருகிறவர்களின் குரலில் சட்டென்று ஒரு ஓரம் வரும், அதுவாக இருக்கும். எனக்குத் தெரியாதா அந்த ஓரம். கை கத்தியை வினையில் மாட்டிவிட்டது. இரண்டாவது. நாலு வரைக்கும் போகலாம், நாலு தாண்டினால் போயிற்று. தட்டிக்குக் கீழே கால்கள் ஆடுகின்றன, வேகமாகக் கூட ஆடுகின்றன, மகிழ்ச்சியாக ஆடுவதுபோல. பாவம்.

பதினொன்று வால் இல்லை, வேறு மாதிரி. பக்கத்து வீட்டில் இருக்கிற பெண் எழுதிய கடிதம் வரவே இல்லை. தமிழில் எவ்வளவு சுலபம், இருக்கிற பெண், எழுதிய கடிதம் என்று ஒவ்வொன்றும் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கடிதத்தில் சேர்ந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் கடிதம் முதலிலேயே வந்து வாசலில் நின்றுவிடுகிறது. பிறகு அந்தப் பெண் வருகிறாள், அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல இன்னொரு வாக்கியம் உள்ளே வருகிறது, அது முடிந்து அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் கடிதம் தன் வினைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. கடைசியில் வருகிற வினை, வரவில்லை என்பது. வாக்கியத்துக்குள்ளே வாக்கியம், அதற்குள்ளே இன்னொன்று, மூன்று பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று. இதைப் போடும்போது எனக்கு எப்போதும் உடம்பு லேசாக இருக்கும். பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷத்தில் ஒரு வாக்கியத்தை இப்படித் திறந்து யாரும் எனக்குக் காட்டியதில்லை. கட்டுரைகளை மனப்பாடம் செய்தேன், எழுதினேன், பாஸானேன், சொந்தமாக ஒரு வரி சொல்லத் தெரியாமல் கல்யாணம் ஆனேன். சொந்தமாகச் சொன்னது ஒரே ஒரு வரி. கல்யாணமான இரண்டாவது வருஷம், அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், சென்னையிலிருந்து ஒரு அதிகாரியும் அவர் மனைவியும். அந்த அம்மாள் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். மை மதர் இஸ் இன் தி ஹாஸ்பிடல் ஃப்ரம் டியூஸ்டே என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். ஃப்ரம் டியூஸ்டே, ஃப்ரம் டியூஸ்டே என்று இரண்டு தடவை சொல்லிக்காட்டினார், பிறகு ஃப்ரம் இல்லை, சின்ஸ் என்றும் திருத்தினார், எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள், முறுக்குத் தட்டு சுற்றி வந்தது. அம்மாவுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு வருஷம் ஆகிறது. இங்கே சேர்ந்த பிறகு ஒருநாள் அந்த வரியை மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். அம்மா ஒரு பெட்டி, ஆஸ்பத்திரி ஒரு பெட்டி, செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி. பெட்டிகளெல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தன. நடுவில் ஒரு சின்னச் சொல். அதற்குத்தான் அவ்வளவும். இப்போது அவர் என் வேலையைப் பற்றி, வாக்கியத்தை வெட்டி வெட்டி யாருக்குக் கூறு வைக்கிறே என்று கேட்கிறார், சந்தையில் மீனுக்குக் கேட்கிற மாதிரி. நான் பதில் சொல்வதில்லை. மறுநாள் காலையில் வந்து முதல் வாக்கியத்தைத் திறக்கும்போது பதில் சொன்ன மாதிரி இருக்கும். இதை விட்டால் எனக்கு வேறு எங்கே இருக்கிறது பதில்.

பதினான்கில் மறுபடி. விருந்தாளியைப் பூக்களோடு வரவேற்றார்கள். கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை, மாட்டியாகிவிட்டது, மூன்று. பதினாறு முடிந்ததும் ஷிபின் டீ என்றான். மூன்றேகால். டெஸ்ட் நாளில் ஜோடியில் ஒருவர் போய்த் திரும்பின பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும். எமில்டாக்கா முதலில் போனாள். அவள் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்த துணிப்பை வாய் பிளந்து, உள்ளே ஒரு நாலு கோட்டு நோட்டு, காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி. பேரனுடையதாக இருக்கும், அட்டை போடக் கொண்டுவந்திருப்பாள். கீழே டீ கேன் பக்கத்தில் அவள் நின்று ஊதி ஊதிக் குடிப்பதை மாடிக் கைப்பிடி வழியாகப் பார்த்தேன். பள்ளியை மூடியபோது இவள் வீட்டில் சொல்லவில்லை. நாலு மாதம், தினமும் ஒன்பது மணிக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, மாதா கோயில் படியில் உட்கார்ந்திருந்து, அங்கேயே சாப்பிட்டு, ஐந்து மணிக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். மருமகள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லையாம். சொல்லவில்லை மக்கா, ஆனா ஒரு வீட்டுல பகல் முழுக்க இருந்தா நாம எங்க இருக்கோம்னு தெரிஞ்சிரும் பாத்தியா என்றாள். சாமிக்குக் கூட நான் ஏன் வந்து இருக்கேன்னு சந்தேகம் வந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். இங்கே வேலை கிடைத்த அன்றைக்குத்தான் மகனிடம் பள்ளி மூடினதையே சொன்னாளாம். ஒன்பதிலிருந்து ஐந்து வரைக்கும் எனக்கென்று ஒரு நாற்காலி, கால் எட்டாவிட்டாலும் என்ன என்றாள். டீ குடித்துவிட்டு மேலே வரும்போது மேல்படியில் நின்ற என்னைக் கடந்தாள். பேசக் கூடாது, ஷிபின் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். கண்ணில் ஏதோ சொல்ல வந்ததுபோல ஒரு மினுக்கு. பயம். என்னை விட்டுவிடாதே என்று கேட்கிறாள். அந்தக் கையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது, என் தோளில் கொஞ்சம் தங்கியது, நான் அதைத் தட்டிவிடவில்லை.

பதினேழு ஒன்றுமில்லை. பதினெட்டில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மேசைமேல் என்பது வால், சாவி பக்கத்தில் நிற்கிறது. மூன்று போய்விட்டது என் கணக்கில், இன்னும் ஒன்றுதான் போகலாம், முன்னால் இன்னும் எத்தனை வால் இருக்கிறது என்று தெரியாது. இது டெஸ்ட், வால்தான் அதிகம் வரும், எல்லோரும் தடுமாறுவது அதில்தான் என்று பெங்களூர்க்காரர்களுக்கும் தெரியும். கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கை நிற்கிறது. வினையில் மாட்டினால் நான் சரி. சாவியில் மாட்டினால் நாங்கள் இருவரும் சரி. யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. எங்கேயோ ஒரு கணினி சாவி என்றால் மேசையோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளும், நினைத்துவிட்டுப் போகட்டும், அதற்கு வேறு ஊரில் நல்ல வாத்தியார் கிடைக்காமலா போவார். ஆனாலும் கை போகமாட்டேன் என்கிறது. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோலப் போடுவது உப்பு என்று தெரிந்தே பாயசத்தில் போடுவது மாதிரி, விரலே கூசுகிறது. பக்கத்தில் நிற்கிற பெயரில் மாட்டு, மாட்டு. அவளைப் போல யோசித்துப் பார்க்கிறேன். வரிசையில் பிள்ளைகள், மழை வருகிறது, சீக்கிரம் பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பிடி. சாவியின் கையில் மேசையைக் கொடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன். தட்டிக்குக் கீழே பார்த்தேன். கால்கள் ஆடிக்கொண்டிருந்தன, சீராக, ஊஞ்சல் மாதிரி. அடுத்த வாக்கியம் வந்தது. அம்மாடி, அவ்வளவுதானா என்று இருந்தது.

அதற்குப் பிறகு சுலபமாக இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்திரண்டில் ஒரு வால், இருபத்தைந்தில் ஒன்று, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அப்பா, ஜன்னலிலிருந்து பறவைக்கு இரை போடுகிற கிழவி, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்ற பெயரின் கையில் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளைப் போல ஒரு கணம் இருந்துவிட்டு வருவது, அவள் நாற்காலியில், கால் தொங்க, மேலே இருந்து சொற்களைப் பார்ப்பது. எனக்குள்ளே ஏதோ இளகிக்கொண்டு வந்தது. யாருக்கும் தெரியாமல் ஒருத்தியை நான் சுமந்துகொண்டு போகிறேன், அவளுக்கே தெரியாது. இந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஆனால் இனிப்பாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். ஷிபின் பின்னால் வந்து நின்றான் ஒரு தடவை, திரையைப் பார்த்தானா, இல்லை, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனான். இருபத்தொன்பது. முப்பத்துமூன்று. இன்னொன்று தோன்றியது, தோன்றியிருக்க வேண்டாம். இந்த மூன்று வாரமாக அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே, அப்படியானால் யாரிடம் கேட்டாள். யாரிடமும் இருக்காது, விட்டிருப்பாள். கால் ஏன் ஒரு தடவை கூடத் தேய்க்கவில்லை. தெரியாதது தெரியாதபோது சந்தேகம் எங்கே வரும். இப்படி நானே கேட்டு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தெட்டில் கடைசி வால், அதையும் பக்கத்தில் மாட்டினேன், மொத்தம் ஆறு. நாற்பதாவது வாக்கியம், அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அழுத்தினேன். அவளும் அழுத்தியிருப்பாள், திரை வெள்ளையாகிவிட்டது. மணி நாலு இருபத்தைந்து. கீழே ஜவுளிக்கடையில் யாருக்கோ சேலை பிரித்துக் காட்டுகிற பெண்ணின் குரல் மேலே வரைக்கும் கேட்டது, பார்டரைப் பாருங்க, பார்டரைப் பாருங்க என்று.

ஷிபின் தன் கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தான். வழக்கமாக இரண்டு நிமிஷம் ஆகும், இன்று பத்து ஆயிற்று. பிறகு எங்களை எழுந்திருக்கச் சொன்னான். தட்டிக்கு மேலே எமில்டாக்காவின் முகம் வந்தது, கன்னம் சிவந்து, பிள்ளைகளை ஆண்டுவிழாவுக்கு மேடையேற்றிவிட்டு ஓரத்தில் நிற்கிற டீச்சர் மாதிரி. முப்பத்துநாலுதான் ஒத்துப்போயிருக்கிறது, ஆறு ஒத்துப்போகவில்லை என்றான். பெங்களூர் விடையைத் திறந்துவிட்டதாகவும் சொன்னான். ஆறும் வாலாம். டீக்கு முன்னால் வந்த மூன்று வாலும் இருவரும் ஒன்றுபோலச் சரி, டீக்குப் பிறகு வந்த ஆறில் ஒருவருக்கு ஆறும் சரி, ஒருவருக்கு ஆறும் தப்பு. அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு முதலில் எண்தான் விளங்கவில்லை. போர்வை, கத்தி, பூ, மூன்றிலும் அவள் என்னோடு இருந்திருக்கிறாள். நான்தான் அவளை விட்டுப் போயிருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் நாற்பதுக்கு நாற்பது.

"பகவதி மேடம், டீக்கு அப்புறம் ரெண்டு பேரும் சீட்டு மாறி உக்காந்துட்டீங்களா?"

ஏன் என்று கேட்டேன், என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. தப்பான ஆறும் உங்க பேர்ல விழுந்திருக்கு, சரியான ஆறும் டீச்சர் பேர்ல விழுந்திருக்கு என்றான், எமில்டாக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"டீச்சரா இதெல்லாம் போட்டது?"

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அதில், பெரிய சிரிப்பும் இல்லை. முறுக்குத் தட்டு சுற்றி வருகிறபோது நாலு பேர் சிரிப்பார்களே, அந்த அளவுதான். மாறி உட்கார்ந்திருந்தால் சொல்லுங்கள், பேரை மட்டும் மாற்றிப் போட்டு அனுப்பிவிடுகிறேன், பெங்களூருக்கு அவ்வளவு தெரியாது என்றும் சொன்னான். என்மேல் அவனுக்கு அவ்வளவு மரியாதை. ஆமாம் என்று ஒரு சொல், அதை நான் சொல்ல வேண்டியதுகூட இல்லை, தலையை ஆட்டினால் போதும். நாளைக் காலையில் இந்த நாற்காலி இங்கேதான் இருக்கும், ஏழெட்டுப் பேர் பின்னால் வந்து நிற்பார்கள், வீட்டில் அவர் கூறு வைக்கிறதைப் பற்றிக் கேட்பார், நான் பேசாமல் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். எல்லோரும் நம்புவார்கள். நானே இந்த மதியம் முழுவதும் அதைத்தானே நம்பிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு மேலே இருந்து எமில்டாக்காவின் பை தெரிந்தது, வாய் இன்னும் பிளந்தபடி. நாலு கோட்டு நோட்டு வெளியே சரிந்து நடுவில் விரிந்திருந்தது. பென்சிலில் பெட்டிகள், பெட்டிக்குள் பெட்டி, ஸ்கேல் வைத்துப் போட்டவை, ஒவ்வொரு எழுத்தும் கோட்டைத் தொட்டுக்கொண்டு குண்டு குண்டாக, பக்கம் பக்கமாக. சில இடத்தில் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது. ஓரத்தில் மடங்கியிருந்த அட்டையின் லேபிளில் இருந்தது பேரன் பெயர் இல்லை, அவள் பெயர். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"டெஸ்ட் முடிஞ்சு காட்டலாம்னு இருந்தேன் மக்கா," என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும்.

பிறகு அவள் ஷிபின் பக்கம் திரும்பினாள். தம்பி, அது என்று ஆரம்பித்தாள். தட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது, மாறித்தான் உக்காந்தோம் என்று அவளே சொல்லிவிடக்கூடியவள்தான். தெரிந்ததாக இன்னொரு தடவை நினைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அவள் அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் சொன்னேன்.

"இல்ல ஷிபின். நான் எனக்க சீட்டுலதான் இருந்தேன். அவ்வளவும் எமில்டாக்கா போட்டதுதான்."

அவன் எமில்டாக்காவை ஒரு தடவை பார்த்தான். டீச்சர் என்று சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ரிப்போர்ட் எழுதணும், ரெண்டு நிமிஷம் உட்காருங்க என்றான். தன் இடத்துக்குப் போய்த் தட்ட ஆரம்பித்தான். நாங்கள் உட்கார்ந்தோம், முகங்கள் மறைந்தன. மறைப்புக்கு இந்தப் பக்கம் நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், சம்புடம், குடை, பேனா. அந்தப் பக்கம் கால்கள் ஆடவில்லை. இடது பாதம் ஏறி வலது பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது, நிறுத்தாமல், இந்த மதியத்தில் முதல் தடவையாக. குதிகாலில் வெடிப்பு, வெடிப்பில் மஞ்சள் பூசியிருந்தாள். ஷிபினின் விரல்கள் தட்டுகிற சத்தம் நின்று நின்று வந்தது. என் பெயருக்கு எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு, காலால் மணையைத் தட்டிக்குக் கீழே அந்தப் பக்கம் தள்ளினேன்.